மேட்டு ஜீப்பில் ஓர் இடம்

போடியில் என் வேலையை ஒரே மூச்சில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனம் இருக்கிறது. காசு கட்டி வருகிறவர்களை ஒரு கலத்தில் உட்கார வைத்து, பகலிலேயே வானம் கறுத்துத் தெரியும் உயரம் வரை கொண்டுபோய், சில நிமிடங்கள் எடையில்லாமல் மிதக்கவிட்டு, திரும்பக் கொண்டுவந்து இறக்குவது அதன் திட்டம். அந்த நிறுவனத்தைப் பற்றி வெளியே என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று எழுதிக் கொடுக்கிற மக்கள் தொடர்புப் பிரிவில் நான் இருக்கிறேன். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திக் கேட்டார்.

"அப்ப ராக்கெட்டுல நீங்க கண்டக்டராண்ணே?"

"ஆளு ஏறுனாத்தானப்பா கண்டக்டரு. இன்னும் வண்டியே கெளம்பல."

"கெளம்பாத வண்டிக்கா மாசாமாசம் சம்பளம் குடுக்குறாய்ங்க?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி வெட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். அப்போது ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. காலையில் எழுந்ததும் உலகத்தில் எந்த நிறுவனத்தின் ராக்கெட் மேலே போனது, எது போகவில்லை, எது போகிற வழியில் சிதறியது என்று செய்திகளைத் திரட்டி அனுப்ப வேண்டும். எங்கோ ஒன்று வெடித்தால், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை அனுதாபத்தோடு சொல்கிற குறிப்பு ஒன்று தயாராக இருக்க வேண்டும். நிறுவனத்துக்கென்று ஒரு சொல் வழக்கு உண்டு. விபத்து என்று எழுதக் கூடாது. வெடித்தது என்பதற்குச் 'சோதனை முன்கூட்டியே நிறைவுற்றது'. தாமதம், தள்ளிவைப்பு என்கிற சொற்களுக்கு அறவே இடமில்லை. அவற்றுக்குப் பதிலாக 'புதுப்பிக்கப்பட்ட கால அட்டவணை'. தமிழில் இவற்றை உண்டாக்கியவன் நான்தான். முதலில் அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. இப்போது யாராவது பஸ் லேட் என்று சொன்னால்கூட மனதுக்குள் திருத்துகிறேன். அலுப்பாக இருக்கிறது.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கல்லூரி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். சொந்தக் கதை அதில் அதிகம் இராது. கோடை மழை முதலில் என்றைக்குப் பெய்தது, மலைப்பாதையில் எந்த வளைவில் மண் சரிந்தது, அகலப் பாதை போட்டு ரயில் மறுபடி ஊருக்குள் வந்த அன்று ஸ்டேஷனில் என்ன பேசிக்கொண்டார்கள், தேவாரம் பக்கம் யானை எந்தத் தோப்பில் இறங்கியது என்று கிழமையோடும் தமிழ் மாதத்தோடும் குறித்து வைப்பேன். பழைய பயணக் குறிப்புகளையும் ஊர் வரலாறுகளையும் படித்துப் படித்து வந்த பழக்கம் இது. அவற்றை எழுதியவர்கள் நடந்ததைப் பார்த்துவிட்டுத் தேதி போட்டார்கள். நான் பார்க்கிற வேலையில் தேதியை முதலில் போடுகிறோம். நிகழ்ச்சி பின்னால் வரும் என்று காத்திருக்கிறோம். அது வராது. தேதியை எடுத்துவிட்டு வேறு தேதி போடுகிறோம். ஒரே மேசையில் இரண்டையும் எழுதுகிறவனுக்கு, எந்தப் பக்கத்தை நம்புவது என்று சில நாள் குழம்பிப்போகும்.

போன ஆடியில் நிறுவனத்துக்கு ஒரு யோசனை வந்தது. காசு கட்டுகிறவர்களோடு சாதாரண மனிதர் ஒருவரையும் இலவசமாகக் கூட்டிப் போவது. ஒவ்வொரு பகுதியிலும் ஆள் தேடச் சொன்னார்கள். என்னிடம் கேட்டது, மலையில் வேலை செய்யும் ஒரு பெண்.

மலையில் வேலை செய்யும் பெண்களுக்குப் போடியில் பஞ்சமில்லை. விடிவதற்கு முன்னாலேயே மூணாறு ரோட்டில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாக ஏறுவார்கள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு, ஊர்ப் பேச்சில் மேட்டுக்கு, போய், அங்கிருந்து கேரளப் பக்கம் இறங்கி, ஏலத்தோட்டங்களில் பகல் முழுதும் குனிந்து காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். அதில் ஒரு ஜீப்பின் டிரைவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதும் அவன்தான். அவனிடம் கேட்டு ஒரு நாள் அந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன். வானத்துக்குப் போக யாருக்கு ஆசை என்று கேட்டதும் வண்டியே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். ஒருத்தி, தன் மாமியாரை அனுப்ப முடியுமா, திரும்பிக் கூட்டி வரவேண்டியதில்லை என்றாள்.

டிரைவருக்குப் பின்னால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பதை ஒட்டிய வயது. கணவர் ஊரில் ஏலக்காய்க் கடையில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரே மகள் தேனியில் நர்சிங் படிக்கிறாள். மேட்டில் இறங்கியதும் தனியாக வந்து கேட்டார்.

"அண்ணே, மேட்டுல ஜீப்பு வளையிறப்பக் கீழ போடி முழுசும் தெரியும். எங்க தெரு மட்டும் மரத்துல மறைஞ்சு போயிரும். இன்னுங் கொஞ்சம் மேல போனாத் தெரியும்ல?"

அவ்வளவு உயரத்தில் தெருவெல்லாம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. செல்போனில் அதையே இன்னொரு முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினேன். பெங்களூரில் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். ஆவணியில் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அடுத்து படமெடுக்க ஒருவர் வந்தார். தோட்டத்தில் அந்தம்மாவை நிற்க வைத்து, இலைகளுக்கு நடுவே கையை உயர்த்திக் காய் பறிக்கிற மாதிரி நிற்கச் சொன்னார். ஏலக்காய் செடியின் அடியில், மண்ணை ஒட்டிப் படர்ந்து கிடக்கிற சரத்தில் காய்ப்பது. கூட வேலை செய்த பெண்கள் அன்று பொழுதுக்கும் விடவில்லை.

"ஏலக்கா என்ன மாங்காயாடி, எட்டிப் பறிக்க?"

"ராக்கெட்டுல போறவளுக்கு அந்த ஒசரத்துலதான் காய்க்கும். நம்ம தலையெழுத்து, குத்த வச்சே எடுக்கணும்."

தோட்டத்து மேற்பார்வையாளர் மலையாளி. "சேச்சி, ஒந்நு சிரிக்கு" என்று அவரும் தன் பங்குக்குச் சொன்னார். அந்தம்மா சிரித்தார். அந்தப் படம்தான் பிறகு எல்லா இடத்திலும் வந்தது.

புரட்டாசியில் மருத்துவச் சோதனைக்குப் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். கணவனும் மனைவியும் நானுமாக மதுரைக்கு ரயிலேறி, அங்கிருந்து பெங்களூர் போனோம். சில நாள் தங்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போகாத நாட்களுக்குத் தன் நாத்தனாரைப் பதிலாளாக ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

பதிலாள் என்பது என்னவென்று சொல்ல வேண்டும். அந்த ஜீப்பில் ஒவ்வொருவருக்கும் அவரவர் இடம் உண்டு. புதிதாகச் சேர்கிறவர் பின்கதவை ஒட்டி உட்கார வேண்டும். வளைவுகளில் அங்கேதான் ஆட்டம் அதிகம், குமட்டலும் அதிகம். ஆண்டுகள் போகப் போக ஒவ்வொரு இடமாக முன்னுக்கு வரலாம். உடம்புக்கு முடியாமல் போனாலோ, நல்லது கெட்டதுக்குப் போனாலோ, சொந்தத்தில் ஒருத்தியைப் பதிலாளாக அனுப்பலாம். திரும்பி வந்ததும் இடம் அவருக்கே. ஆனால் ஊரைவிட்டே போகிறவருக்கு, கல்யாணமாகிப் போகிறவளோ திருப்பூருக்குப் போகிறவளோ, பதிலாள் கிடையாது. போவது தெரிந்த அன்றே அந்த இடம் போய்விடும். காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் ஜீப்பு ஓர் ஆள் குறைவாகப் போனால் தோட்டத்துக்காரருக்கு யார் பதில் சொல்வது என்பது டிரைவர்களின் நியாயம். எழுதி வைக்காத சட்டம் இது. மீறியவரையும் நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் அவர் எல்லாச் சோதனையிலும் நன்றாகவே தேறினார். சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "பின்சீட்டுல ஒக்காந்து மேட்டுக்குப் போனா இதவிடச் சுத்தும்ண்ணே" என்று என்னிடம் சொன்னார். இதயம், காது, ரத்த அழுத்தம் எல்லாம் சரி என்று டாக்டர் சொன்னதும் அவர் முகம் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம் மாதிரி ஆனது. வெளியே வந்து கணவரிடம், "எனக்கு ஒரு கொறையும் இல்லையாம்" என்றார். "எங்களுக்கு அது தெரியாதாக்கும்" என்றார் அவர்.

நாங்கள் அங்கே இருக்கும்போதே செய்தி வெளியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று நான் எழுதி வைத்திருந்த குறிப்பு அது. அதுவரை டிரைவர் இதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான்; அதற்குள் ஊர் திரும்பி அவனிடம் விவரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பயணிகளைக் கூட்டிப் போய்வந்த செய்தி அந்த வாரம் பெரிதாக அடிபட்டதால், எங்கள் பிரிவின் தலைவி செவ்வாயன்றே எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பிவிட்டார். தேனிப் பதிப்பில் பாதிப் பக்கம். கையை உயர்த்திய படம். விண்வெளிக்குச் செல்லும் ஏலத்தோட்டப் பெண்.

புதன்கிழமை விடியற்காலை டிரைவர் நாத்தனாரை ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டான்.

நாங்கள் ஊர் திரும்பியபோது அந்த இடத்தில் வேறொரு பெண் வந்துவிட்டிருந்தாள். அப்போது இது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. தெருவில் வரவேற்பு இருந்தது. பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பொட்டிபுரத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் என்னைத் தனியாக நிறுத்தி, "இதும் அந்த மலையக் கொடையிற சோலி மாதிரி ஏதாச்சுமா?" என்று விசாரித்தார். அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டுகிற பேச்சு அடங்கினாலும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சந்தேகம் போகவில்லை. மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.

ஐப்பசி பிறந்ததும் நிறுவனத்துக்குள் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆளில்லாச் சோதனைக் கலத்தில் ஏதோ ஒரு பகுதியை மறுபடி வடிவமைக்க வேண்டியிருக்கிறது. அது முடிந்து, சோதனை முடிந்து, அனுமதி வந்த பிறகே பயணிகள். தேதி குறிப்பிடவில்லை. வெளியே யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் இருந்தது. இந்த மாதிரி மின்னஞ்சல்களை நான் நிறையப் பார்த்தவன். படித்துவிட்டு மூடினேன்.

அந்த வியாழக்கிழமை மழைக்கு நடுவில் அந்தம்மா என் வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணே, எப்பக் கூட்டிட்டுப் போவாங்க?"

"தேதி இன்னும் வரலம்மா."

"அடுத்த மாசம் இருக்குமா?"

"சொல்ல முடியாது."

"தை?"

நான் அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார்.

"தேதி இல்லன்னா நா எதுக்குண்ணே வீட்ல ஒக்காந்திருக்கேன்? காயெடுப்பு உச்சத்துல இருக்கு. நா எத்தன ஜீப்புல கேட்டுட்டேன் தெரியுமா? நீ வானத்துக்குப் போறவ, பாதியில போயிருவ, அப்பறம் ஆளுக்கு எங்க போறதுங்குறாங்க. போகலய்யான்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க. பேப்பர்ல போட்டுருக்கேங்குறாங்க. தை முடிஞ்சா இந்த வருசக் காய் அம்புட்டுத்தான். அப்பறம் நா எங்க போக?"

நிறுவனம் அவருக்குப் பயணச் செலவு கொடுத்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்குக் கொடுக்கிற வழக்கமில்லை. மகளின் படிப்பு அந்தக் கூலியில்தான் ஓடுகிறது என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம், ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவரிடம் போனேன்.

"வா மாப்ளே. ராக்கெட்டு எப்ப?" என்றான்.

"அதுக்குத்தான் வந்தேன். அந்தம்மா இப்போதைக்குப் போகல. எடத்தக் குடுத்துரு."

"யாரு எடத்த?"

"அவங்க எடத்த."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "மாப்ளே, பதிலாளுங்கறது சொகமில்லாதவளுக்கும் சாவு வீட்டுக்குப் போனவளுக்கும். வானத்துக்குப் போறவளுக்கு ஏதுடா பதிலாளு? நா என்ன தப்பாவா செஞ்சேன்?"

"தப்புன்னு நா சொல்லல."

"இப்ப ஒக்காந்திருக்கவ தேவாரத்துக்காரி. யானை பூந்து தென்னங்கன்னு அம்புட்டையும் மிதிச்சிருச்சு. புருசனும் பொண்டாட்டியும் போடியில வாடகைக்கு வந்து கெடக்குறாங்க. அவள எறக்கிவிடச் சொல்றியா? நீ வந்து சொல்லு, நா எறக்கிவிடுறேன்."

நான் போய்ச் சொல்லப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

"ஒரு ஆளச் சேத்து ஏத்திக்கிற முடியாதா?"

"மேட்டுச் செக்போஸ்ட்ல தலைய எண்றான் மாப்ளே. போன மாசம் ஒரு வண்டி கவுந்ததுல இருந்து விட மாட்டேங்குறான்." வாளியை எடுத்து டயரில் தண்ணீர் ஊற்றினான். "ஒண்ணு செய்யலாம். சூரியநல்லிப் பக்கம் போற வண்டி ஒண்ணுல ஒரு ஆளு கொறையுது. அவன் எனக்கு வேண்டியவந்தான். ஆனா அவனும் பேப்பர் பாத்திருக்கான். அந்தம்மா போகலன்னு பேப்பர்லயே போடச் சொல்லு. நீ போட்டதுதான? நீயே எடு."

நியாயமான பேச்சு. அன்றிரவு சாப்பிட்டுவிட்டுத் தலைவிக்கு எழுதினேன். மறுநாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டார். சென்னைக்காரர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர், கெட்டிக்காரர். கெட்ட எண்ணம் கொண்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"சார், அவங்க ஸ்டோரி இவ்ளோ நல்லா போயிட்டிருக்கு. இப்ப போய் தேதி இல்லன்னு சொன்னா, புக் பண்ணின எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும்மா. தேதி இல்லதானே?"

"இல்லன்னு யார் சொன்னா? வரும். நாம சொல்றதில்ல, அவ்ளோதான்."

"அந்தம்மா வேலைக்குப் போகணும். இந்தப் பருவத்துல மட்டும் பயணம் இருக்காதுன்னு ஒரு வரி போதும்."

"அந்த ஒரு வரிதான் சார் பிரச்சினை."

தாமதம் என்ற சொல் வராமல் தாமதத்தைச் சொல்லும் வாக்கியங்களை எழுதுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அடுத்த வாரம் முழுதும் நான் எழுதி அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்தன. பயிற்சியின் அடுத்த கட்டம் வரை அவர் வழக்கமான பணிகளைத் தொடர்வார் என்று எழுதியதுகூட ஆகவில்லை. அடுத்த கட்டம் எப்போது என்று கேட்பார்களாம். கடைசியில் தலைவியே ஒரு வழி சொன்னார்.

"அவங்களே விலகறதா இருந்தா அது வேற விஷயம் சார். மரியாதையா ஒரு நோட் போடலாம். தனிப்பட்ட காரணங்கள்னு."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கணவர் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளும் விடுமுறைக்கு வந்திருந்தாள். காப்பி கொடுத்தார்கள். ஜீப்பு விஷயத்தையும், போட வேண்டிய செய்தியையும் சொன்னேன்.

"தனிப்பட்ட காரணம்னா என்னண்ணே?" என்று அந்தம்மா கேட்டார்.

"உங்க சொந்தக் காரணம்."

"எனக்குச் சொந்தக் காரணம்னு ஒண்ணுமில்லையே. நா போகணும்னுதான இருக்கேன்."

கணவர்தான் மெதுவாகச் சொன்னார். "போறதுன்னா எப்பன்னு சொல்லணும்ல. சொல்ல மாட்டேங்குறாங்கள்ல."

"அவங்க சொல்லாததுக்கு நா பயந்துக்கிட்டேன்னு போடுறதா?"

"பயம்னு போட மாட்டாங்கம்மா" என்றேன்.

"போடாட்டியும் அப்படித்தாண்ணே பேசுவாளுக. ஜீப்புல இருக்கவளுகள எனக்குத் தெரியாதா?"

"அம்மா, நா அடுத்த வருசம்கூடப் படிச்சுக்கிறேன்" என்றாள் மகள். அவர் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "சூரியநல்லி வண்டி எத்தன மணிக்கு?" என்று கேட்டார். வழக்கமான நேரத்துக்கும் முந்தி என்றேன். சரிவு அதிகமான தோட்டம் என்பதையும் சொன்னேன். தெரியும் என்றார். பிறகு, போடுங்கள் என்றார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார். "பரிச்சையில நா நல்லாத்தான் இருந்தேன்னு எழுதிருங்கண்ணே. அது நெசந்தான?"

நிஜம்தான். அவர் சம்மதத்தைச் செல்போனில் பதிவு செய்தேன். சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதைப் பார்க்காமல் தன் பேச்சிலேயே சொன்னார். பெங்களூருக்கு அது போதவில்லை. எழுதியதைப் படித்து இன்னொரு முறை பதியச் சொன்னார்கள். அதையும் செய்து கொடுத்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தலைவியோடு நான் வாதாடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவத் தகுதிச் சோதனைகள் அனைத்திலும் தேர்ச்சி பெற்றிருந்த நிலையில், தனிப்பட்ட காரணங்களால் விலகுகிறார். முன்பாதி எதற்கு என்று கேட்டார். தேர்வு முறையின் மேன்மை தெரியும் என்றேன். அந்தக் காரணம் அவருக்குப் பிடித்திருந்தது. விட்டுவிட்டார். பல மாதங்களில் நான் எழுதியவற்றில் முழுக்க உண்மையான வாக்கியம் அந்த முன்பாதி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை முதல் வாரத்தில் தேனிப் பதிப்பில் வந்தது. பாதிப் பக்கமெல்லாம் இல்லை. உள்ளே, ஒரு பாத்திரக்கடை விளம்பரத்துக்கு மேலே, விரல் நீளத்துக்கு. இடம் போதாமல் வெட்டியிருந்தார்கள். வெட்டியது அந்த முன்பாதியை. தனிப்பட்ட காரணங்களால் விலகினார் என்பது மட்டும் நின்றது. நிருபருக்குப் போன் செய்தேன். "அண்ணே, விலகிட்டாங்கங்கறதுதான நியூசு?" என்றார்.

அந்தம்மா நினைத்தபடியேதான் ஊர் பேசியது. பயந்துவிட்டாள் என்றது ஒரு பக்கம். சோதனையில் ஏதோ நோய் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், மரியாதைக்காக அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றது இன்னொரு பக்கம். எனக்கு முடி வெட்டுகிறவர் இரண்டாவது கட்சி. இல்லை, எல்லாம் நன்றாக இருந்தது என்று அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். "நீங்க கம்பெனி ஆளு, அப்படித்தானண்ணே சொல்வீங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதே வாரம் தலைவியிடமிருந்து தகவல் வந்தது. காலியான இடத்துக்கு வேறொருவரைப் பார்க்க வேண்டும். 'இந்த முறை ஒரு கல்லூரி மாணவியாகப் பார்க்கலாமா சார்? அவங்களுக்கு லீவு கிடைக்கும்.' பார்க்கலாம் என்று பதில் எழுதினேன். இன்னும் பார்க்கவில்லை.

சூரியநல்லி வண்டி அந்தம்மாவைச் சேர்த்துக்கொண்டது. முதல் நாள் அவர் ஏறுவதைப் பார்க்க நான் போனேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. எழுந்து போனேன். இன்னும் விடியவில்லை. பனி இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அவருடைய பழைய ஜீப்பு முன்னால் நின்றது. டிரைவருக்குப் பின்னால் ஓரத்தில், தேவாரத்துக்காரப் பெண் தலையில் துண்டோடு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். இளம்பெண். என் நண்பன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

அவர் அந்த ஜீப்பைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து பின்னால் நின்ற வண்டிக்குப் போனார். டீக்கடைக்கு நேர் எதிரே அது நின்றது. பின்கதவை ஒட்டித்தான் இடம். தூக்குவாளியை முதலில் உள்ளே வைத்தார். உள்ளே இருந்தவர்கள் அவருக்குப் புதியவர்கள். வயதான ஒரு பெண் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ஏத்தா, நீதான அந்த ராக்கெட்டுக்காரி?"

"நா இல்லக்கா. அது வேற ஆளு."

"பேப்பர்ல அச்சு ஒன்ன மாதிரியே இருந்துச்சே."

"எல்லாரும் தலையில துண்டுதானக்கா கட்டியிருக்கோம்."

"அதுஞ்சரிதான்" என்றார் அந்தப் பெண்.

"பேசுனது போதும், ஏறு ஆத்தா, வெரசா" என்று டிரைவர் முன்னாலிருந்து கத்தினான். அவர் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து கொடுத்தாள். கதவைச் சாத்தினார்கள். ஜீப்பு மேட்டுப் பக்கம் திரும்பியது. நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, காலைச் செய்திகளைத் திரட்ட வீட்டுக்கு நடந்தேன்.